தலைப்பு எழுத்தின் உயரம்

விழா மலர் ஒன்று கைக்கு வந்தால், முதலில் தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே கடைசிப் பக்கம்வரை புரட்டிவிடுவேன். வாழ்த்துரை, அணிந்துரை, ஆண்டறிக்கை, தல வரலாறு, நன்கொடையாளர் பட்டியல் என்று வரிசையாக வரும். எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே தடிப்பில், மேலும் கீழும் ஒரே இடைவெளியோடு நின்றால் வேலை தெரிந்தவர் செய்த மலர் என்று புரிந்துவிடும். ஒரு பக்கத்தில் எழுத்து பருத்து, அடுத்த பக்கத்தில் நெருக்கியடித்து, இன்னொன்றில் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல கட்டுரை இருந்தாலும் அவசரத்தில் முடித்த மலர் என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடும். காரணம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கண் கண்டுபிடித்துவிடும்.

திருவல்லிக்கேணியில் டிடிபி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த அலங்காரத் தலைப்புகளோடுதான். மேட்டரை (தலைப்பு தவிர்த்த உள்ளுரையை) ஒழுங்காக வைப்பது அவ்வளவு கடினமில்லை. ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே வரி இடைவெளி என்று போட்டுவிட்டால் அது தானாக ஓடும். தலைப்பில்தான் வண்ணம், ஓரக்கோடு, நிழல், வளைவு என்று ஆசைகள் நுழைகின்றன. ஒரு தலைப்பை அழகாகச் செய்ய எல்லோராலும் முடியும். நாற்பது தலைப்புகளையும் அதே அழகோடு செய்வதுதான் தொழில்.

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு இந்தப் போராட்டம் இல்லை. ஈய எழுத்துக் காலத்தில் கேஸில் 12, 18, 24, 36 பாயிண்ட் என்று எது இருந்ததோ அதுதான் தலைப்பு. 27 பாயிண்ட் வேண்டுமென்று யாரும் கேட்க முடியாது, கேட்டாலும் கிடைக்காது. அலங்காரம் வேண்டுமென்றால் ஓவியர் வரைந்து கொடுப்பார், அதைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுப்பார்கள். தொடர்கதைத் தலைப்பென்றால் ஒருமுறை எடுத்த பிளாக்கே வாரா வாரம் மெஷினில் ஏறும். தலைப்பு மாறாமல் இருப்பதற்கு யாரும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை, அந்தத் தகடே பார்த்துக்கொண்டது. கணினி வந்தபோது தகடு போய்விட்டது. எதையும் எப்படியும் இழுக்கலாம் என்ற வசதி வந்தது. அதுவரை உலோகம் காத்த ஒழுங்கை அதற்குப் பிறகு மனிதர் காக்க வேண்டியதாயிற்று.

பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 1985-இல் மெக்கின்டாஷில் வந்தது. அதை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனத்தை 1994-இல் அடோபி வாங்கியது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்புதான் கடைசி. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தமிழ் அச்சுத் தொழில் அதை விடவில்லை. கையிலிருந்த பழைய தமிழ் எழுத்துருக்கள் அதில் சிக்கலில்லாமல் ஓடின என்பது முக்கியக் காரணம். ஆனால் பேஜ்மேக்கரில் எழுத்துக்கு ஓரக்கோடு போட்டு வேறு வண்ணம் கொடுக்க வழியில்லை. அதனால் மேட்டர் பேஜ்மேக்கரில், தலைப்பு வரைகலை மென்பொருளான கோரல்டிராவில் என்று வேலை இரண்டாகப் பிரிந்தது. கோரலில் தலைப்பைச் செய்து, இபிஎஸ் ஆகவோ டிஃப் ஆகவோ மாற்றி, பேஜ்மேக்கரில் கொண்டுவந்து ‘பிளேஸ்’ செய்வோம். ஒவ்வொரு தலைப்பும் தனித்தனிப் படம். பக்கத்தில் வைத்த பிறகு இடம் போதவில்லையென்றால் மூலையைப் பிடித்து இழுப்பார்கள். கோளாறு முழுக்க அந்த இழுப்பில் தொடங்கியது.

கோரலில் எழுத்து இரண்டு வகை. ‘பாராகிராஃப் டெக்ஸ்ட்’ சட்டத்தைப் பெரிதாக்கினால் எழுத்தின் அளவு மாறாது, சட்டம் மட்டும் விரியும். ‘ஆர்ட்டிஸ்டிக் டெக்ஸ்ட்’ அப்படியல்ல; மூலையை இழுத்தால் எழுத்தே பெரிதாகும், பக்கவாட்டுப் பிடியை இழுத்தால் எழுத்து அகலும். தலைப்பு எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் செய்வோம். ‘வாழ்த்துரை’ என்ற தலைப்பைப் பக்க அகலத்துக்கு இழுத்துவிட்டு, ‘செயலாளரின் ஆண்டறிக்கை’யையும் அதே அகலத்துக்கு இழுத்தால், முதலாவது 60 பாயிண்டில் நிற்கும், அடுத்தது 30-ஐத் தாண்டாது. அகலம் ஒன்றுதான், ஆகவே ஒழுங்காக இருக்கிறது என்று செய்தவர் நினைப்பார். வாசகர் கண் அகலத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தின் உயரத்தைப் பார்க்கிறது.

இதோடு ஓரக்கோடும் சேர்ந்துகொள்ளும். எஃப்12 அழுத்தினால் வரும் பெட்டியில் ‘ஸ்கேல் வித் இமேஜ்’ என்று ஒரு கட்டம் இருக்கும் (பின்னால் வந்த பதிப்புகளில் ‘இமேஜ்’ போய் ‘ஆப்ஜெக்ட்’ ஆனது). அதில் டிக் இல்லையென்றால் எழுத்தை எவ்வளவு சுருக்கினாலும் கோட்டின் தடிப்பு அப்படியே இருக்கும். சிறிய எழுத்தில் அது சுழிகளை அடைத்துவிடும். டிக் இருந்தால் எழுத்தோடு சேர்ந்து கோடும் மெலியும். ஒரே மலரில் பாதித் தலைப்புக்கு டிக் இருந்து மறுபாதிக்கு இல்லாமல் போனால், எது எப்படி மாறியது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும். பக்கத்திலேயே ‘பிஹைண்ட் ஃபில்’ என்று இன்னொரு கட்டம். ஓரக்கோடு எழுத்தின் விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று விழும். இந்தக் கட்டத்தில் டிக் போட்டால் கோடு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். எழுத்தின் உடம்பு முழுசாக இருக்கும், வெளிப்பாதி மட்டும் தெரியும். தலைப்புக்கு இதுதான் சரி. 2 பாயிண்ட் கோடு போட்டால் கண்ணுக்குத் தெரிவது 1 பாயிண்ட். மூலைகளை உருண்டையாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கூர்முனைகளில் கோடு முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதெல்லாம் எந்த மொழிக்கும் பொது. தமிழ்த் தலைப்புக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை மென்பொருள் சொல்லித்தராது.

‘திருப்பணிக் குழுவினர்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் தி, ணி, வி ஆகியவற்றின் மேல்விலங்கு தனித் துண்டு. த, ண, வ மேல் அது ஏறி உட்கார்ந்து ஒரே எழுத்தாகத் தெரியும். கருப்பில் அச்சிடும்வரை ஒட்டு தெரியாது. ஓரக்கோடு போட்ட நிமிடம் ஒட்டு வெளியே வந்துவிடும். விலங்கின் அடிப்பக்கக் கோடு எழுத்துக்குள் குறுக்கே ஓடும். இதற்கு வழி, கண்ட்ரோல் கியூ அழுத்தி எழுத்தை ‘கர்வ்’ ஆக்கி, துண்டுகளை ‘வெல்ட்’ செய்து ஒரே உருவமாக்கிவிட்டு ஓரக்கோடு போடுவது. அதே தலைப்பில் ப், க், ர் மூன்றுக்கும் புள்ளி இருக்கிறது. சில அலங்கார எழுத்துருக்களில் புள்ளி சிறு வளையமாக இருக்கும். கோடு தடித்தால் வளையம் அடைபடும். ஆகவே ஓரக்கோட்டின் தடிப்பை முடிவுசெய்யும்போது ‘ல’வையோ ‘ட’வையோ பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ண், ழ், புள்ளி இவை மூன்றும் திறந்திருக்கும் தடிப்பு எதுவோ அதுவே மலர் முழுவதற்கும் தடிப்பு.

உயரத்தையும் இந்தத் தலைப்பிலேயே பார்க்கலாம். தி, ணி, வி மேலே எழும்புகின்றன, ழு கீழே இறங்குகிறது. ‘தல வரலாறு’ என்ற தலைப்பில் மேலே எழும்பும் எழுத்தே இல்லை. இரண்டையும் 15 மில்லிமீட்டர் உயரப் பெட்டிக்குள் அடக்கினால் ‘தல வரலாறு’ பெரிதாகவும் ‘திருப்பணிக் குழுவினர்’ சிறிதாகவும் வந்துவிடும். பெட்டி பார்ப்பது மேல்விலங்கின் நுனியிலிருந்து ழுவின் அடிவரை. ஆகவே நான் பெட்டியை நம்புவதில்லை. ‘ப’ எழுத்தின் உயரத்தை அளப்பேன். எந்தத் தலைப்பானாலும் ‘ப’வோ, அதைப்போல மேலும் கீழும் மிஞ்சாத ஓர் எழுத்தோ ஒரே உயரத்தில் இருந்தால் போதும், மற்றவை தானாகச் சரியாகிவிடும்.

வேர்டில் ‘வேர்ட்ஆர்ட்’ போட்டு வரும் பள்ளி ஆண்டு மலர்களில் தலைப்புகள் கூடிக் குறைந்து நிற்பதற்கும் இதுவே காரணம். பழைய வேர்ட்ஆர்ட் சொல்லை இழுத்துப் பெட்டியை நிரப்பும். ‘கவிதை’யும் ‘மாணவர் பேரவை அறிக்கை’யும் ஒரே பெட்டிக்குள் போனால் ஒன்று வீங்கும், ஒன்று நசுங்கும். அப்படி வரும் கோப்புகளில் தலைப்புகளை நான் திருத்துவதில்லை. சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து செய்கிறேன். நேரம் குறைவாகவே ஆகும்.

எழுத்து இடைவெளியிலும் தமிழுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது அழகு. பழைய எழுத்துருக்களில் அதையே செய்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் ‘க’வை விட்டு விலகிப்போகும், மேல்விலங்கு வலப்பக்கம் நகர்ந்துவிடும். சொல் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் ஆகிவிடும். தமிழ்த் தலைப்பு பரந்து நிற்க வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘டிராக்கிங்’ஐத் தொடக் கூடாது. அகலத்தை 80 சதவீதமாக ஒடுக்குவதும் கூடாது. ஒடுக்கினால் நெடுக்குக் கோடுகள் மட்டும் மெலியும், படுக்கைக் கோடுகள் தடித்தபடியே இருக்கும். எழுத்தைச் செதுக்கியவர் பார்த்துப் பார்த்து வைத்த விகிதம் கெட்டுப்போகும்.

என்னிடம் வேலை பழகிய பையன் ஒருநாள் கேட்டான்: “அண்ணே, ‘திருக்கோயில் திருப்பணி நன்கொடையாளர்கள்’ ஒரே வரியில நிக்கல. கொஞ்சம் ஒடுக்கிடட்டுமா?”

“ஒடுக்காத தம்பி. ரெண்டு வரியா விடு.”

“அப்ப இடம் ஜாஸ்தியாகுமேண்ணே?”

“ஆகட்டும். அதுக்கு இடம் முன்னாடியே வச்சிருக்கேன் பாரு.”

அந்த இடம் எப்படி வந்தது என்று உட்கார்ந்து காட்டினேன். மேட்டர் 11 பாயிண்ட், வரி இடைவெளி 14. தலைப்பு 24 பாயிண்ட், அதன் வரி இடைவெளி 28, அதாவது மேட்டரில் சரியாக இரண்டு வரி. தலைப்புக்கு மேலே 28, கீழே 14. ஒரு வரித் தலைப்பு மொத்தம் 70 பாயிண்ட் பிடிக்கும், மேட்டர் கணக்கில் ஐந்து வரி. இரண்டு வரித் தலைப்பென்றால் 98, ஏழு வரி. தலைப்பு எத்தனை வரியானாலும் அதற்குக் கீழே வரும் மேட்டர் பக்கத்துப் பத்தியின் வரிகளோடு நேர்கோட்டில் நிற்கும். கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால் ஒடுக்கவேண்டிய அவசியமே வராது. இரண்டு வரியாக உடைக்கும்போது பொருள் பார்த்து உடைக்க வேண்டும். ‘திருக்கோயில் திருப்பணி’ மேலே, ‘நன்கொடையாளர்கள்’ கீழே.

பேஜ்மேக்கரின் இடத்தைப் பிடித்த இன்டிசைன் 1999-இல் வந்தது. தமிழ் யூனிகோடு அதில் சரியாக நிற்க ‘வேர்ல்டு ரெடி கம்போஸர்’ வேண்டும். சாதாரண கம்போஸரில் விட்டால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். அதைப் பத்திக்குப் பத்தி மாற்றிக்கொண்டிருப்பது வீண்வேலை. தலைப்பின் பாராகிராஃப் ஸ்டைலில், ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் ஒரே ஒருமுறை தேர்ந்தெடுத்து வைத்துவிட வேண்டும். அளவு, வண்ணம், ஓரக்கோடு, மேல்கீழ் இடைவெளி எல்லாம் அதே ஸ்டைலுக்குள் போய்விட வேண்டும்.

நிழலும் புடைப்பும் மட்டும் பாராகிராஃப் ஸ்டைலில் அடங்காது. இன்டிசைனில் அவை சட்டத்தைச் சேர்ந்தவை. மேட்டர் ஓடும் சட்டத்துக்குள்ளேயே தலைப்பை வைத்து நிழல் கொடுத்தால் மேட்டர் முழுக்க நிழல் விழும். எனவே நிழல் வேண்டிய தலைப்பைத் தனிச் சட்டத்தில் வைத்து, அந்தச் சட்டத்துக்கு ஆப்ஜெக்ட் ஸ்டைல் ஒன்று செய்து, அதற்குள் தலைப்பின் பாராகிராஃப் ஸ்டைலையும் சேர்த்து, சட்டத்தை மேட்டரில் ‘ஆங்கர்’ செய்துவிடுவேன். மேட்டர் நகர்ந்தால் தலைப்பும் கூடவே நகரும். நாற்பது தலைப்புக்கும் நிழலின் தூரத்தை மாற்றவேண்டுமென்றால் ஆப்ஜெக்ட் ஸ்டைலில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஓவியர் வரைந்த பிளாக்கின் இடத்தில் இன்றைக்கு இருப்பது இந்த ஸ்டைல்தான் என்பது என் நம்பிக்கை.

ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஸ்டைல் பெயரைச் சொடுக்கினால் கைவைத்தது போய்விடும். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும் முன் தலைப்பு தலைப்பாகக் கர்சரை வைத்து இந்தக் கூட்டல் குறியைத் தேடுவது என் வழக்கம். பெரிய மலரை இரண்டு மூன்று பேர் பிரித்துச் செய்யும்போது ‘புக்’ கோப்பில் எல்லா அத்தியாயங்களையும் சேர்த்து, ஒன்றை மட்டும் ஸ்டைல் மூலமாக வைத்து ‘சிங்க்ரனைஸ்’ செய்துவிட்டால், யார் எந்த மெஷினில் செய்திருந்தாலும் ஸ்டைல்கள் ஒரே அளவுக்கு வந்துவிடும். கையால் இழுத்த தலைப்புக்கு இந்த வழி இல்லை.

இவ்வளவும் செய்தாலும் மலர் கேட்டவரின் மனதையும் பார்க்க வேண்டும். ஒரு கும்பாபிஷேக மலருக்காக வந்த செயலாளர், “ஒவ்வொரு பக்கமும் வேற வேற டிசைன்ல இருக்கணும் சார், எல்லாம் ஒரே மாதிரி இருந்தா பக்தர்களுக்கு அலுத்துடும்” என்றார். அந்த ஆசையில் தவறில்லை. விழாவுக்கான மலர், அதில் கொண்டாட்டம் இருக்கத்தான் வேண்டும். “ஐயா, தலைப்புக்குப் பின்னால வர்ற பட்டையோட கலரைப் பகுதிக்குப் பகுதி மாத்தறேன். தல வரலாறுக்குக் காவி, திருப்பணிக்குப் பச்சை, நன்கொடைக்கு மஞ்சள். எழுத்து மட்டும் ஒண்ணா இருக்கட்டும்” என்றேன். நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்துக் காட்டியதும் சம்மதித்தார். மாறுவது ஒன்றாகவும் மற்ற எல்லாம் நிலையாகவும் இருந்தால், மாறுகிற அந்த ஒன்றுக்கு மதிப்புக் கூடும். எல்லாமே மாறினால் எதையும் யாரும் கவனிப்பதில்லை.

வண்ணத்தைத் திரையில் முடிவுசெய்யக் கூடாது. அச்சு மெஷினில் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நான்கும் தனித்தனித் தட்டிலிருந்து ஏறுகின்றன. காகிதம் நூலளவு நகர்ந்தாலும் ரெஜிஸ்டர் விலகும். மெல்லிய ஓரக்கோட்டை மூன்று மைக் கலவையில் வைத்தால், விலகும்போது கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு தெரியும். ஒரு பாரத்தில் சரியாகவும் அடுத்த பாரத்தில் விலகியும் வந்தால் கோப்பில் ஒன்றாக இருந்த தலைப்புகள் காகிதத்தில் வேறுவேறாகிவிடும். அதனால் ஓரக்கோட்டை ஒற்றை மையில், பெரும்பாலும் கருப்பிலேயோ முழு மெஜந்தாவிலேயோ வைக்கிறேன். எழுத்தின் உடம்புக்கு அதிகம் போனால் இரண்டு மை. மங்கலாகக் கரையும் நிழலைவிட, எழுத்தின் பிரதியை வலப்பக்கமும் கீழுமாக அரை மில்லிமீட்டர் தள்ளி வைக்கும் கெட்டி நிழல் மட்டரகக் காகிதத்தில் நன்றாக நிற்கும். கோரலில் ‘டூப்ளிகேட்’ தூரத்தை அரை மில்லிமீட்டராக வைத்துவிட்டால் கண்ட்ரோல் டி அழுத்தும்போதெல்லாம் பிரதி அதே தூரத்தில், அதே திசையில் விழும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் எழுத்துக் குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. 2010-இல் யூனிகோடும் டேஸ்16-உம் தரமாயின. இந்த மாற்றத்தில் பழைய புத்தகங்களின் மறுபதிப்பு வேலை நிறைய வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மேட்டரை மாற்றிக்கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. கர்வ் ஆக்கிய தலைப்புகளுக்கு அது முடியாது, அவை வெறும் படம். ஒரு சொல்லில் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூடத் திருத்த வழியில்லாமல், அதே எழுத்துருவைத் தேடி அலைய வேண்டும். அலங்கார எழுத்துருக்கள் இப்போது யூனிகோடிலும் கிடைக்கின்றன. பாலூ தம்பி, காயினி, கவிவாணர் போன்றவை இலவசமாகவே இருக்கின்றன. பழைய எழுத்துருவின் முகம் அப்படியே கிடைக்காது என்பது உண்மைதான். அந்தச் சமயத்தில் பாதித் தலைப்பைப் பழையதாகவும் பாதியைப் புதியதாகவும் விடாமல், மொத்தத் தலைப்பையும் புதிய எழுத்துருவுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

யூனிகோடில் தலைப்பு உயிருள்ள எழுத்தாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. இன்டிசைன் பொருளடக்கத்தைத் தலைப்பின் பாராகிராஃப் ஸ்டைலைப் பார்த்துத்தான் திரட்டுகிறது. ஸ்டைல் இல்லாத தலைப்பும் படமாகிவிட்ட தலைப்பும் பொருளடக்கத்தில் வராது. கைபேசியில் படிக்கும் மின்னூலாக மாற்றும்போதும், பிடிஎஃப்பில் சொல்லைத் தேடும்போதும் படமாகிவிட்ட தலைப்பு அகப்படாது. எனவே எழுத்தைக் கர்வ் ஆக்காமல் தீராத அலங்காரம் என்றால், பொருளடக்கத்துக்காக அதே தலைப்பைச் சாதாரண எழுத்தில் அடித்து, அச்சில் வராத தனி லேயரில், அதே பக்கத்தில் வைத்துவிடுகிறேன். கூடவே கோப்பின் கடைசியில் ஒரு பக்கம்: ‘திருப்பணிக் குழுவினர்’ என்ற தலைப்பு, அதன் எழுத்துருவின் பெயர், ‘ப’வின் உயரம், ஓரக்கோட்டின் தடிப்பு, மேல்கீழ் இடைவெளி, மைகளின் சதவீதம். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த கும்பாபிஷேகத்துக்கு மலர் போடுகிறவர் யாராக இருந்தாலும், அந்தப் பக்கத்தைப் பார்த்து வேலையைத் தொடங்கலாம்.